முந்நூற்றுப் பதினேழு ஒன்றுகள்

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் சாலையில் இரண்டு பக்கமும் எஞ்சினியரிங் கல்லூரிகள் முளைத்து நிற்கின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்பதில் அவற்றுக்குள் பெரிய போட்டி இல்லை. வாசலில் என்ன நிற்கிறது என்பதில்தான் போட்டி. ஒரு கல்லூரி வாசலில் சிமென்ட் ராக்கெட் நிற்கும். அடுத்ததில் உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு கை நிற்கும். கைக்குச் சொந்தக்காரர் யார் என்று யாரும் கேட்டதில்லை. பிரேமலதா கணக்குச் சொல்லிக்கொடுத்த கல்லூரியின் வாசலில் வாட்ச்மேன் மட்டும் நின்றார். அதுவும் எல்லா நாளும் இல்லை.

பிரேமலதா நகரிக்காரி. பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் மீடியம், அப்புறம் எண் கோட்பாட்டில் டாக்டர் பட்டம். தினமும் புத்தூர் வழியாக பஸ் பிடித்து வந்து போகிறவள். வாய்க்குப் பேர் போனவள். கணக்குத் தெரியாதவனை அவள் மன்னித்துவிடுவாள். தெரியாமலே தெரிந்த மாதிரி தலையாட்டுகிறவனை மன்னிக்கவே மாட்டாள். அந்தக் கல்லூரியில் தலையாட்டாதவர்கள் குறைவு என்பதால் அவளுக்குச் சிநேகிதர்களும் குறைவு. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை.

கணிதத் துறைத் தலைவர் நாற்காலி காலியாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அது தனக்கு வர வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் ஆசைப்பட்டாள். அந்தத் துறையில் அவளைவிட மூத்தவர்களும் இல்லை, அவளைவிடக் கணக்குத் தெரிந்தவர்களும் இல்லை. இரண்டாவது காரணம் அங்கே செல்லுபடியாகாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று செய்தி வந்தது. குழுவுக்குத் தலைவர் ஆதிகேசவன், சென்னையில் பெரிய கணிதப் பேராசிரியர். கரஸ்பாண்டென்ட் வேங்கடாசலம் உடனே எல்லாரையும் கூட்டினார். சித்தூர்ப் பக்கம் கிரானைட் குவாரி வைத்து நாலு காசு பார்த்துவிட்டு, அப்புறம் கல்விக்குள் இறங்கியவர் அவர். கல்லும் கல்வியும் பக்கத்துப் பக்கத்துச் சொல்தானே என்று பிரேமலதா சொல்வாள்.

"வர்றவரு மேத்ஸ்காரரு. வாசல்ல மேத்ஸ்ல ஒண்ணு வெக்கணும். கல்லு நம்மகிட்ட கீது. அதுமேல இன்னா போடலாம், சொல்லுங்க" என்றார்.

ஒருவர் பை என்றார். அதன் மதிப்பு முடியவே முடியாது என்று இன்னொருவர் சொன்னதும், கல் பத்தாது என்று கரஸ்பாண்டென்ட் தள்ளிவிட்டார். சின்னப் பெண் பவ்யா, துறையில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவள், படுத்துக் கிடக்கிற எட்டு மாதிரி முடிவிலிக் குறி போடலாம் என்றாள். "படுத்துக் கிடக்கறது வேணாம்மா, குழு வர்ற நேரத்துல" என்று அதையும் தள்ளினார். பிரேமலதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தாமல் எழுந்து போய்ப் பலகையில் ஒன்றுகளை எழுத ஆரம்பித்தாள். ஒன்று, ஒன்று, ஒன்று. இப்படி முந்நூற்றுப் பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வருகிற எண்ணைச் சொன்னாள். வேறு இலக்கமே கிடையாது. அதை வாயால் சொல்ல உலகத்தில் எந்த மொழியிலும் பேர் கிடையாது. நம் கோடியெல்லாம் அதன் கால் தூசிக்குக் காணாது. அவ்வளவு பெரிய எண்ணை ஒன்றாலும் அதே எண்ணாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது.

அந்த எண்ணின் மேல் அவளுக்குப் பிரியம். அதைச் சொல்வதில் அவளுக்கு வெட்கமில்லை. வெறும் ஒன்றுகளால் ஆன எண்கள் பெரும்பாலும் உடைந்துபோகும். ஆறு ஒன்றுகளை எழுதிப் பாருங்கள். மூன்று மூன்றாகப் பிரித்தால் 111, 111 என்று நிற்கும். அப்போதே 111 அதை வகுத்துவிடும். ஒன்பது ஒன்றுகளும் அப்படியே. எத்தனை ஒன்றுகள் இருக்கின்றனவோ அவற்றைச் சமமான கூட்டங்களாகப் பிரிக்க முடிந்தால் போதும், அந்த எண் கதை முடிந்தது. முந்நூற்றுப் பதினேழைப் பிரிக்க முடியாது. இரண்டிரண்டாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சும், மூன்று மூன்றாகப் பிரித்தால் இரண்டு மிஞ்சும், எப்படிப் பிரித்தாலும் ஏதாவது மிஞ்சும். பிரியாததெல்லாம் உடையாது என்றும் சொல்ல முடியாது. பல எண்கள் அப்புறமும் உடையும். இது உடையவில்லை. எழுபதுகளில்தான் அதை ஒருவர் முழுதாக நிரூபித்தார். ஆராய்ச்சிக் காலத்தில் அந்த நிரூபணத்தை வரி வரியாகப் படித்து முடித்த மதியம், பிரேமலதாவுக்குப் பசியே எடுக்கவில்லை.

இப்படிப்பட்ட எண்ணுக்குத் தமிழில் பகா எண் என்று பேர். பகாது, பிரியாது, அவ்வளவுதான் அர்த்தம். கூட்டம் தமிழில் நடந்திருந்தால் அந்த எண் பிழைத்திருக்கும். நடந்தது பெரும்பாலும் தெலுங்கில். தெலுங்குப் பாடப்புத்தகத்தில் அதன் பேர் பிரதான சங்க்ய. பிரதான மந்திரி, பிரதான அர்ச்சகர், பிரதான துவாரம் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய வேங்கடாசலத்தின் காது அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டது.

"பிரதான சங்க்யவா? அப்ப எல்லா நம்பருக்கும் இதான் பெரிய தலையா?"

"அப்படி இல்ல சார், பிரதானம்னா இங்க..." என்று பிரேமலதா ஆரம்பித்தாள். யானைக்கு அர்ரம் என்றால் குதிரைக்குக் குர்ரம் என்கிற ஆளிடம் என்ன விளக்கம் சொல்லி என்ன? அவர் அதற்குள் பலகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். மூன்று ஒன்றுகளை விரலால் தொட்டார். முகம் மலர்ந்தது.

"அம்மா! இது நாமம்மா!"

எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள். மூன்று நேர்க்கோடுகள். நடுவில் சிவப்புப் பூசினால் நாமம்தான், யார் இல்லை என்றார்கள்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை என்று பிரேமலதாவுக்குத் தோன்றியது. அவள் நாத்திகவாதி இல்லை. புரட்டாசி தவறாமல் மலையேறுகிறவள்தான். ஆனால் மலைமேல் போனால் சாமியைப் பார்ப்பாள், வகுப்பில் நின்றால் எண்ணைப் பார்ப்பாள். இரண்டையும் ஒரே கல்லில் அரைத்ததில்லை.

"பாகுந்தி, சாலா பாகுந்தி, ரொம்ப நல்லாருக்கு. மலையடிவாரத்துல இத்தவிட வேற இன்னா வேணும்? கல்லுல உங்க பேரும் போட்டுடலாம் மேடம். சரிபார்த்தவர், கணிதத் துறைத் தலைவர்னு" என்றார் வேங்கடாசலம். பவ்யா கைதட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள்.

பிரேமலதா வாயை மூடிக்கொண்டாள். எண் சரியாக இருந்தால் போதும், அதை நாமம் என்று கும்பிட்டால் என்ன, நாய்க்குடை என்று கும்பிட்டால் என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாற்காலி ஆசை சொல்லவைத்த சமாதானம் அது. அன்று ராத்திரியே ஒன்றுகளை எண்ணி எண்ணி அச்சடித்து, மறுநாள் கல் வெட்டுகிற தனசேகரிடம் தன் கையாலேயே கொடுத்தாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் சந்திரகிரி தாண்டி இருந்த தனசேகரின் பட்டறைக்குப் போனாள். தனசேகர் சத்தியவேடு பக்கத்துத் தமிழன். கம்ப்யூட்டர் மிஷின் வைத்துக் கல்லில் எழுத்து வெட்டுகிறவன். கறுப்புக் கிரானைட் பலகை நிமிர்ந்து நின்றது. ஒன்றுகள் மூன்று மூன்றாகச் சேர்ந்து, ஓரம் இரண்டும் வெள்ளை, நடுவில் சிவப்பு என்று நாமம் நாமமாக இரண்டு வரிசையில் பளபளத்தன.

அவள் எண்ணவே இல்லை. எண்ண வேண்டியிருக்கவில்லை. வரிசை முடிகிற இடத்தை மட்டும் பார்த்தாள். அங்கேயும் ஒரு முழு நாமம் இருந்தது. ஒரு கோடுகூட மிச்சமில்லை. மூன்று மூன்றாகப் பிரித்து மிச்சமில்லை என்றால் அந்த எண் மூன்றால் வகுபடும், முப்பத்தேழால் வகுபடும், இன்னும் எது எதனாலோ வகுபடும். ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். அதற்குக் கீழே தங்க நிற எழுத்தில், பிரதான சங்க்ய என்று இருந்தது. அதற்கும் கீழே, சரிபார்த்தவர்: டாக்டர் பிரேமலதா, கணிதத் துறைத் தலைவர்.

"இன்னாப்பா தனசேகரு, நான் குடுத்த பேப்பர்ல இருந்தா மாதிரியே போட்டியா?"

"அப்டியேதான் மேடம் போட்டேன். கடைசில மட்டும் ஒரு கோடு பத்தல. நாமம் ரெண்டு கோட்டோட நின்னுபோச்சி. பாக்கவே ஒருமாரி இருந்துச்சி, சாமிக்குக் காலு ஒடிஞ்சா மாரி. நானே ஒண்ணு சேத்துப் புத்தூர்க் கட்டு போட்டுட்டேன்." சொல்லும்போது அவன் முகத்தில் அத்தனை பெருமை.

"யாரக் கேட்டுப் போட்ட?"

"கரஸ்பாண்டென்ட் சாரக் கேட்டேன் மேடம். ஏதோ டைப் அடிக்கசொல மிஸ்ஸாயிருக்கும், தாராளமாப் போடுன்னாரு."

பிரேமலதாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை எரிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேள்விப்பட்டிருக்கிறாள். குரங்குக்குக் கீழே தன் பேரைப் பொறித்து வைத்ததை இப்போதுதான் பார்க்கிறாள். கிரானைட் என்றால் சும்மாவா? அவள் போன பிறகும் அது நிற்கும். கணக்குத் தெரிந்த ஒரே ஒருவன் என்றைக்காவது அந்த வழியாகப் போவான். யார் இந்தப் பிரேமலதா, மூன்றால் வகுக்கக்கூடத் தெரியாதவள் என்று கேட்பான்.

நேராகக் கரஸ்பாண்டென்ட் அறைக்குப் போனாள்.

"சார், ஒரு கோடு அதிகமா இருக்குது. எடுத்துடணும்."

"ஒரு கோடு ஜாஸ்தியானா இன்னா மேடம்? கொறஞ்சாத்தான் தப்பு."

"ஜாஸ்தியானா அது மூணால வகுபட்டுடும் சார்."

வேங்கடாசலம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேடம், நாமத்துக்கு எத்தினி கோடு? மூணு. மூணால வகுபடலைன்னாத்தானே பிரச்சனை?"

அவள் மேஜைமேல் இருந்த தாளை இழுத்துக் கணக்குப் போட்டுக் காட்டப் போனாள். அவர் தாளைத் தள்ளி வைத்தார்.

"கோட்ட எடுத்தா நாமம் போச்சி. திருப்பதியில அரை நாமம் போட்ட காலேஜுன்னு பேரு வரும். ஒத்தன் புள்ளைய சேப்பானா?" என்று குரலை இறக்கினார் அவர். "உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா சொல்லுங்க. பவ்யா பேரப் போட்டுடறேன். துறைத் தலைவர்னு கீழ கீதே, அதும் அப்டியே பவ்யாவுக்குப் பூடும். ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

அங்கேயே அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "யோசிச்சு சொல்றேன் சார்" என்று வெளியே வந்தாள். ஊரையெல்லாம் நக்கல் அடித்த வாய் ஒரு நாற்காலிக்கு முன்னால் யோசிச்சு சொல்றேன் என்றது.

ஸ்டாஃப் ரூமில் பவ்யா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"முந்நூத்திப் பதினெட்டு ஒண்ணு போட்டா பகா எண்ணா?" என்று கேட்டாள் பிரேமலதா.

பவ்யா நிமிரவேயில்லை. "மூணால போய்டும் மேம். பதினொண்ணாலயும் போய்டும்."

"தெரியுதில்ல? அந்தக் கல்லைப் பாத்தியா?"

"பாத்தேன் மேம். சார் போன்ல காட்டினாரு."

"அப்புறம் ஏன் அவருகிட்ட ஒண்ணும் சொல்லாம தலையாட்டின?"

பவ்யா பேனாவை மூடி வைத்தாள். "இன்னும் என்னைப் பெர்மனென்ட் பண்ணல மேம்" என்றாள். குரலில் ஒரு துளி வெட்கம் இருந்தது. அந்தத் துளிக்காக அவளைத் திட்டாமல் விட்டுவிட்டாள் பிரேமலதா. சின்னப் பெண், பிழைக்க வந்தவள். ஆதிகேசவன் அப்படி இல்லை. அவருக்கு யாரிடமும் ஆக வேண்டியது ஒன்றும் கிடையாது. வெறும் ஒன்றுகளால் ஆன எண்களைப் பற்றி அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளை அவள் படித்திருக்கிறாள். அந்தக் கல்லை அதற்குரிய கண்ணோடு பார்க்கப்போகிற ஒரே மனிதர் அவர்தான். அவர் பார்க்கிற நேரத்தில் அந்தக் கல் சரியாக இருக்க வேண்டும். மற்றவர்கள் எப்படிப் போனால் என்ன?

வழி ஒன்றுதான். ஒரு கோடு மறைந்தால் போதும். எண் மறுபடி பகா எண் ஆகிவிடும், பேரும் நிற்கும், நாற்காலியும் நிற்கும். தனசேகரிடம் கேட்டுப் பார்த்தாள். "சாமி கோடு மேடம். என் கை வராது" என்று காதைப் பொத்திக்கொண்டான்.

விழாவுக்கு முந்தின நாள் கல்லை வாசலில் நிறுத்தி மஞ்சள் துணி போர்த்தியிருந்தார்கள். சாயங்காலம் கல்லூரி பஸ்கள் கிளம்பியதும் பிரேமலதா கடையில் வாங்கிய கறுப்பு லப்ப டப்பாவோடு வந்தாள். லப்பம் என்று அந்தப் பக்கம் சொல்வது சுவரில் ஓட்டை அடைக்கிற பசையை. துணிக்குள் தலையை நுழைத்து, கடைசி நாமத்தின் கடைசிக் கோட்டை விரலால் பூசி அடைத்தாள். டாக்டர் பட்டம் வாங்கியவள், கோழி திருட வந்தவள் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே அடைத்தாள். ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். கல்லோடு கல்லாகப் போயிருந்தது.

இப்போது அது முந்நூற்றுப் பதினேழு. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கு ராத்திரி வீட்டில் நன்றாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை நாதஸ்வரம், பந்தல், வரிசையாக நிறுத்தப்பட்ட பிள்ளைகள் எல்லாம் இருந்தன. ஆதிகேசவன் வெள்ளைச் சட்டையும் கழுத்து நிறைய மாலையுமாக வந்தார். வேங்கடாசலம் அவரைக் கைப்பிடித்துக் கூட்டி வந்து கயிற்றைக் கையில் கொடுத்தார். துணி விழுந்தது.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஐயையோ, நாமத்துல ஒரு கோட்டக் காணோம்!"

சொன்னது சமையல் கூடத்து அம்மாள். அடுத்து வாட்ச்மேன் சொன்னார். அதற்கடுத்து பந்தல் முழுக்கச் சொன்னது. பகா எண் என்றால் பணியாரமா என்று கேட்கிற கூட்டம், இரண்டு வரிசை நாமத்தில் ஒரு கோடு குறைந்ததைக் கண் சிமிட்டுவதற்குள் பிடித்துவிட்டது. கணக்கில் இந்தக் கண்ணைக் காட்டியிருந்தால் கல்லூரியின் தேர்ச்சி விகிதம் எங்கேயோ போயிருக்கும். வேங்கடாசலத்தின் முகம் கறுத்தது. எல்லாக் கோட்டையும் வெட்டினேன் என்று தனசேகர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

பிரேமலதா இவர்களில் யாரையும் பார்க்கவில்லை. ஆதிகேசவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய கண் முதல் வரிசையில் மெதுவாக நகர்ந்தது, இரண்டாவது வரிசையில் நகர்ந்தது, கடைசி நாமத்தில் வந்து நின்றது. அடைத்த இடத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். உதட்டில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. இதோ இப்போது திரும்பிச் சொல்வார். கோடு இல்லாததுதான் சரி என்று, இந்த ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார்.

ஆதிகேசவன் திரும்பினார். ஆரத்தித் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். குங்குமத்தை விரலில் எடுத்து, அடைத்த இடத்தின் மேல் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார்.

"கோவிந்தா! கோவிந்தா!" என்று பந்தல் அதிர்ந்தது. வேங்கடாசலத்துக்குப் போன உயிர் வந்தது.

"சரிபார்த்தது நம்ம மேடம்தான் சார்" என்று பிரேமலதாவை முன்னால் தள்ளினார் அவர். ஆதிகேசவன் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டபடியே குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"முந்நூத்திப் பதினேழுதானேம்மா? நீங்கதான் அடைச்சிருப்பீங்க. இங்க வேற யாருக்கு அது தோணும்?"

"தெரிஞ்சேவா சார் போட்டீங்க?"

"ஊரோட ஒத்துப் போகணும்மா. இதுல போய் சண்டை எதுக்கு? எனக்கு மத்தியானம் ரேணிகுண்டாவுல ஃப்ளைட்."

தெரியாதவர்களை மன்னிப்பது, தெரியாமல் தலையாட்டுகிறவர்களைத் திட்டுவது என்று இத்தனை வருஷம் அவள் வைத்திருந்த கணக்கில் இந்த ஆளுக்கு இடமே இல்லை. எல்லாம் தெரிந்து, யாருக்கும் பயப்படத் தேவையில்லாமல், ஒரு விமானத்துக்காகக் கோடு போடுகிற ஆள். அவளுக்கு அவர்மேல் வந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. ஒரு நாற்காலிக்காகத் திருட்டுத்தனமாகக் கோட்டை மறைத்துவிட்டு ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டவள் யார் என்று கேட்டது அது.

மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள். நம்பரைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம்.

"இந்த எண் மூன்றால் மீதியில்லாமல் வகுபடும்" என்று தெலுங்கில் சொன்னாள் பிரேமலதா.

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. மறுபடி கோவிந்தா போட்டார்கள். கோவிந்தாதான், சந்தேகமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"கைதட்டாதீங்க. மூன்றால் வகுபட்டால் இது பிரதான சங்க்ய இல்லை. கல்லில் எழுதியிருப்பது தப்பு. இதை நான் சரிபார்க்கவில்லை. என் பேர் இதில் இருக்கக் கூடாது."

ஆதிகேசவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேங்கடாசலம் சட்டென்று முன்னால் வந்து, சிரித்த முகத்தோடு மைக்கை வாங்கினார். கல் வியாபாரத்தில் எத்தனை விரிசலை மறைத்து விற்றவர்!

"பாத்தீங்களா? சாமி காரியத்துல தன் பேரு வேணாங்கறாங்க. இந்தக் காலத்துல இப்டி ஒரு பக்தியா? பெரிய கைதட்டு குடுங்க மேடத்துக்கு!"

குடுத்தார்கள். ஆதிகேசவனும் தட்டினார். பவ்யா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இனி எதைச் சொன்னாலும் அதைத் தீர்த்தமாக வாங்கித் தலையில் தெளித்துக்கொள்வார்கள் என்று பிரேமலதாவுக்கு விளங்கிவிட்டது. பேச்சை விட்டாள். கைப்பையைத் திறந்து லப்ப டப்பாவை எடுத்தாள். கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, தங்க நிறத்தில் மின்னிய தன் பேரின் முதல் எழுத்தை விரலால் அடைத்தாள்.

வேங்கடாசலம் சிரிப்பு மாறாமல் பக்கத்தில் குனிந்தார். "பேரு போனா சீட்டும் போவும் மேடம். நல்லா யோசிச்சிக்கோங்க."

"போவட்டும் சார். யோசிச்சுதான் இவ்ளோ நேரம் கெட்டுப்போனேன்."

பேரையும் பதவியையும் எழுத்து எழுத்தாக அடைத்தாள். யாரும் தடுக்கவில்லை. என்ன பணிவு, என்ன அடக்கம் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். சமையல் கூடத்து அம்மாளுக்குக் கண் கலங்கியே விட்டது. ஆதிகேசவனை வண்டிக்குக் கூட்டிப் போனார்கள். விரலில் ஒட்டிய கறுப்பைப் புடவையில் துடைத்துக்கொண்டு பிரேமலதா எழுந்து நின்று பார்த்தாள்.

மேலே குங்குமக் கோட்டோடு சேர்த்து முந்நூற்றுப் பதினெட்டும் முழுசாக இருந்தன. பிரதான சங்க்ய என்ற எழுத்தும் இருந்தது. அதற்குக் கீழே சரிபார்த்தவர் என்று எழுதி, எதிரில் வெறும் கல். பவ்யாவின் பேரை வெட்ட அடுத்த வாரம் தனசேகர் வரக்கூடும். அதுவரைக்கும் அந்தக் கல்லில் அந்த ஒரு வரியாவது சரியாக இருந்தது. அதை யாரும் சரிபார்க்கவில்லை.